சின்னப் பெட்டி

உலகச் செல்வம் நிலையற்றது என்பதை எங்கள் சபை கொஞ்சம் செலவு செய்தே நிரூபிப்பது என்று முடிவு செய்தது. பிரசங்கமாகச் சொன்னால் ஜனங்கள் தூங்கிவிடுகிறார்களாம். மாநாடாகச் சொன்னால் முழித்திருப்பார்களாம். நிலையாமை மாநாடு பிறந்தது இப்படித்தான். கோயில் வாசலில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு வளைவு, வளைவு முழுக்க விளக்கு, நடுவில் தங்க நிறத்தில் 'எல்லாம் மாயும்' என்று எழுத்து. எழுத்துக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் வாங்கியிருப்பதாகச் சபைச் செயலாளர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கும் அதில் நல்ல வேலை கிடைத்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? நான் தையல்காரி. பாடகர் குழுவுக்குக் கோணித் துணியில் அங்கி தைக்கச் சொன்னார்கள். பைபிள் காலத்தில் துக்கம் வந்தால் சாக்கை உடுத்திக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்தார்கள் அல்லவா, அந்த நினைவாகவாம். முதல் ஒத்திகையிலேயே பாடகிகள் முதுகைச் சொறிய ஆரம்பித்துவிட்டதால், உள்ளே வழவழவென்று சாட்டின் துணி வைத்துத் தைத்தேன். வெளியே துக்கம், உள்ளே சாட்டின். சாம்பலைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அது முடிவதற்குள் செயலாளர் ஒரு புதுப் பட்டுத் துணியோடு வந்து நின்றார்.

"இதுல பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டை போடணும்மா. மாநாட்டுக் கண்காட்சிக்கு. பூச்சியும் துருவும் சேத்து வச்சதக் கெடுக்கும்னு வேதத்துல இருக்கே."

"கண்ட இடத்துல வெட்டினா பிரிஞ்சு நாசமாயிடும் சார்."

"பிரியக் கூடாது. ஓட்டை தெரியணும், ஆனா துணிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. மாநாடு முடிஞ்சப்புறம் யாருக்காவது நினைவுப் பரிசா குடுக்க வேண்டியிருக்கும்."

ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும், பட்டன் துளைக்குப் போடுகிற மாதிரி, காஜா எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பூச்சியும் அவ்வளவு நேர்த்தியாக அரித்திருக்காது.

நான் சொல்ல வந்தது பட்டைப் பற்றி அல்ல, பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி. கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அவ்வளவுதான் உறவு. அவள் இருமினால் என் மிஷின் நின்றுவிடும். அவள் புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயின்ட் அடிப்பது மாமாவின் தொழில். பெயின்ட் அடித்த நேரத்தைவிடத் துருவைச் சுரண்டிய நேரம்தான் அவர் ஆயுசில் அதிகம். பேச்சு வராத மனுஷன். யாராவது இரண்டு வார்த்தை சேர்த்துக் கேட்டால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது தேய்க்கப் போய்விடுவார்.

அக்காவுக்குச் சபையில் ஒரு வேலை உண்டு. யாரும் நியமித்த வேலை இல்லை. எங்கள் கோயிலில் திருவிருந்து அன்றைக்கு அப்பத் துண்டோடு, ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் திராட்சை ரசம் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்று கதை பேசும்போது, அவள் பின்கட்டுக் குழாயடியில் அத்தனை கிண்ணத்தையும் கழுவி, வெள்ளைத் துணியில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பாள். அதைவிட அவளுக்குப் பிரியமானது சின்னப் பெட்டி. ஒரு முழம்கூட இருக்காது, மரப்பெட்டி. உள்ளே ஒரு வெள்ளிக் கிண்ணம், அப்பத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு, ரசத்துக்கு ஒரு குப்பி. கோயிலுக்கு வர முடியாமல் படுத்துவிட்டவர்கள் வீட்டுக்குப் போதகர் அதை எடுத்துக்கொண்டு போவார். அது திரும்பி வந்ததும் அக்கா அந்தக் கிண்ணத்தைப் பல்பொடி போட்டுத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, காய்ந்த பிறகுதான் பெட்டியை மூடுவாள். ஈரத்தோடு மூடினால் வெள்ளி கறுத்துவிடுமாம்.

அப்படிப்பட்டவள் படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போதகர் ஐயாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க. சின்னப் பெட்டியோட."

"அதுக்கெல்லாம் இப்ப என்னக்கா அவசரம்?" என்றேன் நான். சொல்லிவிட்டு எனக்கே அசிங்கமாக இருந்தது.

"எத்தனை பேர் வாய் பட்ட கிண்ணத்தக் கழுவியிருக்கேன். என் வாய் ஒரு தடவ பட வேணாமா? ஒருத்தர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுக் கிளம்பறப்ப, வர்றேன்னு சொல்லிட்டுத்தானே வருவோம். அது மாதிரிதான்."

மாமா அன்றைக்கே சபை அலுவலகத்துக்குப் போனார். உள்ளே மாநாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்ததால் வாசலில் இருந்த குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வீட்ல ரொம்ப முடியல, பெட்டி அனுப்பச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு முனையில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் சபையில் எது தாமதமானாலும் கல்லறைக் குழு மட்டும் தாமதமாகாது. முன்னால் வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அம்மாவ எங்க வச்சிருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன், வாங்க" என்றாள் அக்கா, கட்டிலில் இருந்து.

அந்த ஆள் பயந்துபோய் பெட்டியை நிலையில் இடித்துக்கொண்டார். மாமா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்காவுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்பதால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க தம்பி."

"மன்னிச்சிருங்கம்மா. பெட்டின்னா எங்களுக்கு இதுதான். எடுத்துட்டுப் போயிடறோம்."

"ஐயோ, வேணாம். மறுபடி கேட்டு வாங்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடும்." அதைச் சொல்லிவிட்டு இன்னும் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீதான் டெய்லராச்சே. அளவு சரியா இருக்கான்னு பாரு. தோள்பட்டைகிட்ட பிடிக்கும் போல இருக்கே?"

"சும்மா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பெட்டி உள்ளறையில் சுவரோரமாக நின்றது. மாமா அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். போர்வை போட்ட பிறகுதான் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

இனிமேல் இவரைத் தனியாக விட்டால் சரிப்படாது என்று நானும் கூடப் போனேன். செயலாளர் எங்களை உட்காரச் சொன்னார். மாநாட்டுக்காக வாங்கின புது நாற்காலி, பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வந்தது.

"சின்னப் பெட்டிதானே? அது இப்ப கண்காட்சியில இருக்கு. வாங்க, காட்டறேன்."

மண்டபத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் சிவப்பு வெல்வெட். வெல்வெட்டின் மேல் சின்னப் பெட்டி திறந்து இருந்தது. மேலே இருந்து ஒரு விளக்கு அந்தக் கிண்ணத்தின் மீது விழுந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: 'எளிமையின் சின்னம். நோயாளிகளின் வீடுகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.'

"சார், இப்ப ஒரு நோயாளி இருக்காங்க" என்றேன்.

"தெரியும்மா. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா இதுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு. கூண்ட விட்டு வெளிய எடுத்தா செல்லாது."

"நோயாளி வீட்டுக்குப் போறதுக்குன்னுதானே சார் இதப் பண்ணியே வச்சாங்க?"

"அதத்தானே அட்டையில எழுதியிருக்கோம்" என்றார் அவர், எனக்குப் படிக்கத் தெரியுமா என்ற சந்தேகத்தோடு.

மாமா கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். 

"கிண்ணம் கறுத்திருக்கு."

"அது பழமை" என்றார் செயலாளர். "அப்படியே இருக்கட்டும்னு நிபுணர் சொல்லியிருக்கார்."

பெட்டி இல்லாமல் போதகர் மட்டும் வந்தால் போதும், சாதாரணக் கிண்ணத்திலேயே கொடுக்கட்டும் என்று கேட்கலாம் என நினைத்து அவர் அறைக்குப் போனோம். போதகர் ஐயா நல்லவர்தான். யாரிடமும் கோபப்பட மாட்டார். வேலை நடக்காது, அவ்வளவுதான்.

"சாதாரண டம்ளர்ல குடுத்தா திருவிருந்துக்கு என்னம்மா மரியாதை? ஏழைங்கறதுக்காகக் குறைச்சலாக் குடுத்தோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. சபை விதியிலயும் 'பெட்டியுடன்'னுதான் இருக்கு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வந்த புதுசுல சைக்கிள்லதான் விசிட் போவேன். எந்தச் சந்துன்னாலும் நுழைஞ்சிடுவேன். இப்ப ஆண்டவர் கார் குடுத்திருக்கார். உங்க தெருவுல கார் நுழையுமா?"

"நுழையாதுங்க" என்றார் மாமா.

"பாத்தீங்களா. அங்கதான் வருது சிக்கல்."

கதவு வரைக்கும் வந்துவிட்டோம். செயலாளர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஐயா, இவர் இரும்பு வேலைக்காரர்தானே? நம்ம துருப் பிரச்சனைக்கு இவரையே கேட்டுப் பாக்கலாமே?"

துருப் பிரச்சனை என்னவென்றால் இதுதான். மாநாட்டு மேடையில் பேராயர் ஒரு பெரிய இரும்புப் பெட்டியைத் திறப்பார். துருப்பிடித்த பெட்டி. உள்ளே ஒன்றும் இருக்காது. சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது என்று பேராயர் அதைக் காட்டிப் பேசுவார். காயலான் கடையில் அப்படிப்பட்ட பெட்டி சும்மாவே கிடைக்கும். ஆனால் எவனோ தூக்கிப் போட்ட பெட்டியைப் பேராயர் எப்படித் தொடுவார்? அதனால் கடையிலேயே விலை உயர்ந்த பெட்டியாகப் பார்த்துப் புதிதாக வாங்கிவிட்டார்கள். அது துருவே பிடிக்காது என்று விற்றவன் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறான். மாநாடு நெருங்குகிறது, பெட்டி பளபளவென்று நிற்கிறது.

"துரு இருக்கணும்" என்றார் செயலாளர். "ஆனா பேராயர் அங்கியில ஒட்டக் கூடாது. துருப்பிடிச்சிருக்கணும், மேல மேல துருப்பிடிச்சிட்டே போகக் கூடாது. மாநாட்டுக்கப்புறம் அதக் கோயில் முகப்புலயே நிரந்தரமா வைக்கப் போறோம்."

வாழ்க்கை முழுக்கத் துருவைச் சுரண்டிக் கொட்டியவரிடம் துரு உண்டாக்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். மாமா தன் கையைப் பார்த்தார். அப்புறம் போதகரைப் பார்த்தார்.

"பண்ணித் தர்றேன். எனக்குக் காசு வேணாம். சின்னப் பெட்டியோட வீட்டுக்கு வரணும்."

போதகர் உருகிவிட்டார். எழுந்து வந்து மாமாவின் தோளைத் தொட்டார். "இதுதான் மெய்யான விசுவாசம். மாநாட்டன்னிக்குப் பேராயர் பெரிய பெட்டியத் திறந்ததும், நான் சின்னப் பெட்டிய எடுத்துக்கிட்டு உங்ககூட நடந்தே வர்றேன். நடந்தே!"

'நடந்தே' என்பதை அவர் இரண்டாம் தரம் சொன்னபோது செயலாளரின் கண் கலங்கிவிட்டது.

இரும்புப் பெட்டி மாமா வீட்டு முற்றத்துக்கு வந்தது. ஜன்னல் வழியாக அக்காவால் அதைப் பார்க்க முடிந்தது. மாமா முதலில் அதன் பளபளப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். அப்புறம் உப்புத் தண்ணீரும் வினிகரும் கலந்து துணியில் நனைத்து நனைத்து ஒற்றினார். ஈரச்சாக்கைப் போட்டு மூடினார். காலையில் சாக்கைத் தூக்கிப் பார்ப்பதும் மறுபடி நனைப்பதுமாக, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொண்டார். நடு நடுவே உள்ளே வந்து அக்காவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டுப் போவார். கையெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. சோப்பு போட்டாலும் போகவில்லை.

"வந்துச்சா?" என்று கேட்பாள் அக்கா.

"இன்னும் இல்ல. மூலையில லேசா."

"நம்ம கேட்டுக்கு மட்டும் கேக்காமலே வரும். கோயிலுக்குன்னா என்ன பிகு பாரு."

ஒரு வழியாகத் துரு வந்தது. நல்ல செந்துரு, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதன் மேல் மாமா வெளிப்பக்கம் மட்டும் நிறமில்லாத வார்னிஷ் அடித்து, துருவை அப்படியே அசையாமல் நிறுத்தினார். உள்பக்கத்துக்கு வார்னிஷ் போதவில்லை. செயலாளர் வந்து விரலால் தடவி, விரலைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். "அப்படியே நிஜம் மாதிரி இருக்கு" என்றார். நிஜமான துருவைப் பார்த்து அப்படிச் சொன்னவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மாநாட்டு நாளன்றைக்கு அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். காலையில் என்னைத் தலை வாரிவிடச் சொன்னாள். கோயிலுக்குப் போடும் சட்டை ஒன்று வைத்திருந்தாள், வெளிர் நீலம், நான் தைத்தது. அதைப் போட்டுவிட்டேன். இப்போது அதற்குள் இரண்டு அக்கா இருக்கலாம். பக்கத்தில் முக்காலியைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். சின்னப் பெட்டி வைக்க.

மாமா மேடைக்குப் போய்விட்டார். இரும்புப் பெட்டியின் மூடி கனம் என்பதால், பேராயர் தொட்டதும் பின்னாலிருந்து தூக்கிவிட அவர் தேவைப்பட்டார். அவர் மட்டும் பார்வைக்குத் தெரியாதபடி ஒரு திரை.

எங்கள் தெருக் கம்பத்திலும் ஒரு ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். ஜனங்கள் வீட்டில் இருந்தாலும் நிலையாமையில் இருந்து தப்பிவிடக் கூடாது என்று. ஜன்னலைச் சாத்தினாலும் சத்தம் குறையவில்லை. அக்கா திறந்தே வைக்கச் சொன்னாள்.

பேராயரை வரவேற்றவர்களின் பெயரை வாசித்தார்கள். வளைவு தந்தவர், விளக்கு தந்தவர், நாற்காலி தந்தவர், பேராயருக்கு மாலை தந்தவர். பெயர் வாசிக்க வாசிக்கக் கைதட்டல். வாசிக்க விட்டுப்போன ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனதால், அவரைச் சமாதானப்படுத்த ஒரு பாட்டு. அப்புறம் பேராயர்.

"அன்பானவர்களே! போன மாதம் நான் வெளிநாடு போயிருந்தேன். எவ்வளவு பெரிய மாளிகைகள்! எவ்வளவு பெரிய கார்கள்! என்னை அழைத்துப் போன காரில் குளிர்பதனப் பெட்டியே இருந்தது. அதிலிருந்து பழச்சாறு எடுத்துக் குடிக்கும்போது நான் நினைத்தேன்: இதெல்லாம் என்ன, வெறும் மாயை! இன்னொரு கோப்பை குடித்தேன். அப்போதும் அதையேதான் நினைத்தேன்!"

அக்காவின் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துருவாரா?" என்றாள்.

"வந்துருவார்க்கா. பெட்டியத் திறந்ததும் வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"நடந்தே" என்றாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

ஒலிபெருக்கியில் மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. "பாருங்கள்!" என்றார் பேராயர். "உள்ளே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை!" கைதட்டல் நிற்கவே இல்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் மாமா ஓடி வந்துவிட்டார். தனியாக வந்தார். மூச்சிரைத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"குடுக்கல" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "கண்காட்சிய பேராயர் நாளைக்குத்தான் திறந்து வைக்கறாராம். திறக்கறதுக்கு முன்னாடி எடுத்தா, வெறும் கூண்டையா அவர் திறப்பார்னு கேக்கறாங்க. திறந்தப்புறம்னா, பாக்க வர்ற ஜனம் எதப் பாக்கும்னு கேக்கறாங்க."

"ஐயா?"

"பேராயர்கூட சாப்பாட்டுக்கு உக்காந்துட்டார். ஜெபிச்சுக்கறேன்னு சொல்லச் சொன்னார்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே போய் அத்தனை காஜாவையும் பிரித்துவிட்டு வரலாம் போல இருந்தது. ஆனால் அக்கா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த முக்காலியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணின் ஓரத்தில் இருந்து ஒரு சொட்டு காதுக்குள் வடிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

மாமா நிலையில் இருந்து கையை எடுத்தார். அப்புறம் அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் காலையில் வாங்கின ரொட்டித் துண்டு, இன்னொரு கையில் அவர்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர். அவசரத்தில் விளிம்புக்கு உள்ளே விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பெட்டியின் உள்பக்கத்துத் துரு அவர் விரலெல்லாம் அப்பியிருந்தது. தண்ணீரில் அது கரைந்து, டம்ளருக்குள் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள்.

"கை கழுவலையா?"

மாமா பதறிப்போனார். "இரு, வேற தண்ணி கொண்டாறேன்."

"வேணாம். இருக்கட்டும்." இழுத்து மூச்சு விட்டாள். "நிறம் வந்துடுச்சு."

மாமா கட்டில் பக்கத்தில் மண்டி போட்டார். திருவிருந்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கோயிலில் எப்போதும் கடைசி வரிசையில், தூண் மறைவில் நிற்கிறவர். ரொட்டியில் கொஞ்சூண்டு பிய்த்துத் தண்ணீரில் நனைத்தார். வாய் திறந்தார், மூடினார். வெளியே ஒலிபெருக்கி மாநாட்டு மலரின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இத வாங்கிக்கோ" என்றார். "உனக்காகத்தான்."

அக்கா வாயைத் திறந்தாள். விழுங்க ரொம்ப நேரம் எடுத்தது. அப்புறம் டம்ளரை உதட்டில் வைத்தார். ஒரு வாய் குடித்தாள்.

"அவ்வளவுதான்" என்றாள். "ஐயாவும் அதத்தான் சொல்வார். கொஞ்சம் நீளமா."

எனக்கும் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நானும் ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. துருவுக்குப் போட்ட உப்பாக இருக்கும். மாமா கடைசியாகக் குடித்தார், அடி வண்டல் வரைக்கும்.

"டம்ளரக் கழுவிக் கவுத்து வைங்க" என்றாள் அக்கா.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. நான் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது மூச்சு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் நன்றியுரை முடிவதற்குள் நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. தோள்பட்டையில் பிடிக்கவும் இல்லை, அக்கா அவ்வளவு இளைத்திருந்தாள். போதகரும் செயலாளரும் மாநாட்டு வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்ததால் உதவிப் போதகர் வந்து மண் போட்டார். மாலையில் பாடகர் குழு, இன்னும் திருப்பித் தராத சாட்டின் அங்கியோடு வந்து, ஒரு பாட்டு அழகாகப் பாடிவிட்டுப் போனது.

மாநாடு முடிந்தது. கண்காட்சி முடிந்தது. பெரிய பெட்டியைக் கோயில் முகப்பில் கண்ணாடி போட்டு வைத்தார்கள். ஒரு மத்தியானம் நான் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. போதகர், செயலாளர், பின்னால் கேமராவோடு ஒரு ஆள். போதகர் கையில் சின்னப் பெட்டி. தெரு முனையில் காரை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் வியர்த்திருந்தது.

நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். செயலாளர்தான் விளக்கினார்.

"உங்க விண்ணப்பம் குழுவுல ஒப்புதல் ஆயிடுச்சு. இன்னிக்குத்தான் உங்க முறை."

"சார், அக்கா செத்துப்போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ரொம்ப வருத்தம். ஆனா ஒப்புதலான சந்திப்ப ரத்து பண்ணணும்னா மறுபடி குழுவக் கூட்டணும். அதுவுமில்லாம, சந்திப்பு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல. விதியில அப்படித்தான் இருக்கு."

 போதகரின் பார்வை உள்ளறையில், ஆள் இல்லாத கட்டில் மேல் இருந்தது. அப்புறம் முக்காலியைப் பார்த்தார். வெள்ளைத் துணியை யாரும் இன்னும் எடுத்திருக்கவில்லை. அதன் மேல் பெட்டியை வைத்து மெதுவாகத் திறந்தார்.

"வந்தது வந்துட்டோம்" என்றார் மாமாவிடம். "நீங்களாவது எடுத்துக்குங்க."

மாமா கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கூண்டுக்குள் இருந்து இருந்து அது நன்றாகக் கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். "பழமை, பழமை" என்று செயலாளர் பின்னாலேயே கூவினார். மாமா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பல்பொடியைக் கொட்டிக்கொண்டு, கட்டைவிரலால் உள்ளேயும் வெளியேயும் தேய்த்தார்.  கேட்டுக்கு உப்புத்தாள் போடுகிறவர் இவ்வளவு மெதுவாகத் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளிச்சென்று ஆகிவிட்டது.

"எனக்கு வேணாங்க ஐயா" என்றார். "அவ அன்னிக்கே எடுத்துக்கிட்டா."

போதகர் நிமிர்ந்து பார்த்தார். "யார் குடுத்தது?"

மாமா கிண்ணத்தில் ஒட்டியிருந்த ஈரத்தை உதறினார்.

"எதுல?" என்று கேட்டார் செயலாளர்.

"டம்ளர்ல."

"அது செல்லாதே!" என்று செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் தலையைக் குனிந்துகொண்டார். கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

ஜன்னல் திண்டில் அக்கா குடித்த டம்ளர், அன்றைக்கு நான் கவிழ்த்து வைத்த மாதிரியே இருந்தது. மாமா வெள்ளிக் கிண்ணத்தை அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். செயலாளர் அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"காயட்டும் சார்" என்றார் மாமா. "ஈரத்தோட மூடினா அவளுக்குப் பிடிக்காது."